நிற்கத் தெரியாத ஒளி

டாலாவில் இருக்கும் ஒருவர் வியாசர்பாடியில் இருக்கும் தன் அத்தையை இணையவழி அழைக்கிறார். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்கிறார். யாங்கோன் ஆற்றின் தென்கரையில் உள்ள டாலாவுக்கும் வடசென்னைக்கும் இடையே இப்படிக் குரல்கள் போய்வருவதில் வியப்பில்லை. 1960களில் பர்மாவை விட்டுக் கிளம்பி வந்த தமிழர்களில் பலர் வியாசர்பாடியில் குடியேறினார்கள். கிளம்பாமல் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு.

நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர். வெற்றிடத்தில் ஒளி அந்தத் தூரத்தை 6 மில்லிநொடிக்குள் கடந்துவிடும். ஆனால் அழைப்பு நேர்க்கோட்டில் போவதில்லை. மியன்மாரைத் தொடும் கடலடிக் கம்பிவடங்களில் ஒன்றான சீ-மீ-வி 5 அந்நாட்டின் மேற்குக் கரையில் ங்வேசாங் என்ற இடத்தில் கரையேறுகிறது. அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போய், சிங்கப்பூரிலிருந்து வேறொரு கம்பிவடத்தில் வங்கக்கடலைக் கடந்து சென்னைக்கு வந்தால் வழி 5,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான். ஆக, பயணத்துக்கு மட்டும் 25 மில்லிநொடி.

பயண நேரத்தை இயற்பியல் தீர்மானித்துவிட்டது. அதில் நாம் பேரம் பேச முடியாது. வழியில் உள்ள ஒவ்வொரு சந்திப்பிலும் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

குரல் சிறு சிறு பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒளித்துடிப்புகளின் வரிசையாகப் போகிறது. ஒரு ரவுட்டருக்குள் நுழையும் பாக்கெட் வெளியேற வேண்டிய வழியில் அதே கணத்தில் வேறொரு பாக்கெட் போய்க்கொண்டிருக்கலாம். அப்போது இது சற்றுக் காத்திருக்க வேண்டும். டாலா படகுத்துறைக்கு வருகிறவர் படகு அக்கரையில் இருந்தால் என்ன செய்கிறார்? கொட்டகையில் உட்காருகிறார், படகு வந்ததும் ஏறுகிறார். ஒளிக்கு அந்தக் கொட்டகை கிடையாது. ஃபோட்டானுக்கு ஓய்வு நிறை இல்லை. ஓடிக்கொண்டிருந்தால்தான் அது ஒளி, நிறுத்தினால் அது உறிஞ்சப்பட்டு முடிந்துபோகிறது.

அதனால் இன்றைய ரவுட்டர்கள் வேறு வழியைக் கையாள்கின்றன. வந்த ஒளியை ஓர் உணர்கருவியில் முட்ட வைத்து மின்னோட்டமாக மாற்றுகின்றன. அந்த மின்னோட்டம் சொல்லும் 0, 1 வரிசையை நினைவகச் சில்லில் மின்னேற்றமாகத் தேக்கி வைக்கின்றன. வழி காலியானதும் புதிதாக ஒரு லேசரை மினுக்கி அதே வரிசையை மீண்டும் ஒளியாக எழுதுகின்றன. அத்தையின் காதுக்கு வந்து சேரும் ஒளி டாலாவிலிருந்து புறப்பட்ட ஒளி அல்ல. வழியில் பல முறை இறந்து பல முறை பிறந்த ஒளி.

இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மின்சாரம் செலவாகிறது, வெப்பம் கிளம்புகிறது, தகவல் வேகம் கூடக்கூட மின்னணுச் சுற்று திணறுகிறது. ஒளியை ஒளியாகவே சிறிது நேரம் தாமதிக்க வைக்க முடியாதா என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

எளிய விடை ஒன்று உண்டு: சுற்றுவழியில் அனுப்புவது. 1 மைக்ரோநொடி தாமதம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 200 மீட்டர் இழையைச் சுருளாகச் சுற்றி அதன் வழியே ஒளியை விட வேண்டும். இணையத்தில் சாதாரணமாகப் போகும் பெரிய பாக்கெட் 1,500 பைட், அதாவது 12,000 பிட். நொடிக்கு 1,000 கோடி பிட் போகும் தடத்தில் அந்தப் பாக்கெட் கடந்துபோக 1.2 மைக்ரோநொடி ஆகும். ஒரு பாக்கெட்டை முழுதாக உள்ளே அடக்க 240 மீட்டர் இழை போதும். நல்ல இழையில் 15 கிலோமீட்டர் போனால்தான் ஒளி பாதியாகக் குறையும் என்பதால் 240 மீட்டரில் இழப்பு என்று சொல்லவே ஒன்றும் இல்லை.

குறை என்னவென்றால், சுருள் ஒரே அளவு தாமதத்தைத்தான் தரும். அதை நினைத்த நேரத்தில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மேலும் ஒரு பெரிய ரவுட்டருக்கு ஒரு பாக்கெட்டுக்கான இடம் போதாது. பொறியாளர்கள் நெடுங்காலம் கடைப்பிடித்த கணக்குப்படி, ஒரு தகவல் போய்த் திரும்பும் நேரத்தைத் தடத்தின் வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும் அளவுக்குத் தேக்கிடம் வேண்டும். கால் நொடி, 1,000 கோடி பிட் என்று எடுத்துக்கொண்டால் 250 கோடி பிட்! 2004-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அப்பென்செல்லர், கெஸ்லாசி, மெக்கியோன் மூவரும் ஒரே தடத்தில் பல ஆயிரம் இணைப்புகள் கலந்து ஓடும்போது இதில் மிகச் சிறு பகுதியே போதும் என்று காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக, சில பத்துப் பாக்கெட்டுகளுக்கு இடம் இருந்தால்கூடச் சமாளிக்கலாம் என்ற ஆய்வுகள் வந்தன. ஒளியியல்காரர்களுக்கு அது பெரிய ஊக்கம். சில பத்துப் பாக்கெட்தானே, அதை ஒரு சிப்பில் அடக்கிவிட முடியாதா?

சிப் என்றால் சிலிக்கன். கண்ணுக்குத் தெரியும் ஒளியை சிலிக்கன் விழுங்கிவிடும். சூரியத் தகடு வேலை செய்வதே அதனால்தான். ஆனால் தொலைத்தொடர்பில் பயன்படும் 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு சிலிக்கன் கண்ணாடிபோலத் தெளிவானது. அதன் ஒளிவிலகல் எண் 3.48, சுற்றி இருக்கும் சிலிக்கன் டை ஆக்சைடுக்கு 1.44. இந்தப் பெரிய வேறுபாடுதான் சிலிக்கன் ஒளியியலின் மூலதனம். 450 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் கொண்ட சிலிக்கன் கம்பிக்குள் ஒளியை இறுக்கிப் பிடித்து நடத்தலாம். 5 மைக்ரோமீட்டர் ஆரத்தில் வளைத்தாலும் ஒளி வெளியே தெறிக்காது. சாதாரணக் கண்ணாடி இழையை அவ்வளவு சிறிய வட்டத்தில் வளைத்தால் ஒளி முழுதும் கசிந்துவிடும்.

இந்தக் கம்பிக்குள் ஒளித்துடிப்பு வெற்றிடத்தைவிட 4.2 மடங்கு மெதுவாகப் போகிறது. அப்படியானால் 1 சென்டிமீட்டர் கம்பி 140 பிக்கோநொடி தாமதம் தரும். ஒரு பிக்கோநொடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நம் பாக்கெட்டுக்கு வேண்டியது 1.2 மைக்ரோநொடி. அதற்கு எவ்வளவு கம்பி? 86 மீட்டர். சிப்புக்குள் சுருட்டிவைக்க முடியாத நீளம் அல்ல என்று தோன்றலாம். இழப்பைக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும்.

சாதாரணமாக ஒரு சிலிக்கன் கம்பியில் சென்டிமீட்டருக்கு 2 டெசிபெல் இழப்பு. 5 சென்டிமீட்டர் போனால் பத்தில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். 10 சென்டிமீட்டர் போனால் நூறில் ஒரு பங்கு. 86 மீட்டருக்கு 17,000 டெசிபெல்லுக்கு மேல் வருகிறது. உள்ளே விட்ட ஒளியை 1-க்குப் பின்னால் 1,700 சுழியம் போட்ட எண்ணால் வகுத்தால் என்ன மிஞ்சுமோ அதுதான் மிஞ்சும். பிரபஞ்சத்தில் உள்ள எல்லா ஒளியையும் உள்ளே செலுத்தினாலும் மறுமுனையில் ஒரு ஃபோட்டான் வந்து சேராது.

இவ்வளவு இழப்புக்கு என்ன காரணம்? சிலிக்கனின் தெளிவில் குறை இல்லை. குறை கம்பியின் பக்கச்சுவரில் இருக்கிறது. அமிலத்தாலோ அயனி வாயுவாலோ செதுக்கப்படும் சுவரில் இரண்டு மூன்று நானோமீட்டர் அளவுக்கு மேடுபள்ளங்கள் மிஞ்சுகின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுபடுகிறதோ அதன் இருமடியாகச் சிதறல் வலுக்கிறது. ஒளியை இறுக்கிப் பிடிக்க உதவிய அதே வேறுபாடு அதைச் சிதறடிக்கவும் செய்கிறது. சிலிக்கன் ஒளியியலின் வரலாற்றில் பாதி இந்தச் சிதறலோடு நடந்த மல்லுக்கட்டு.

சிதறல் என்றதும் தமிழ் வாசகருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் இந்தக் கதையில் அலங்காரத்துக்காக வரவில்லை. சிலிக்கனுக்குள் ஒளியைத் தாமதிக்கும் வழிகளில் ஒன்றுக்கு அவர் கண்டுபிடிப்பே நேரடி அடித்தளம்.

1909-இல் டாலாவுக்கு எதிர்க்கரையில் இருந்த ரங்கூன் நகரத்துக்குக் கரன்சி அதிகாரியாக மாற்றலாகி வந்தார் இருபது வயது இளைஞர் ஒருவர். திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன். அந்தக் காலத்து டாலா, ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை இயங்கிய ஊர். தென்னிந்தியாவிலிருந்து வங்கக்கடலைத் தாண்டிப் போன தொழிலாளர்களால் ரங்கூன் துறைமுகமும் ஆலைகளும் நிரம்பியிருந்தன. அரசு நிதித் துறையில் பதவி வகித்த ராமன் அதற்கு முன்பே, 1906-இல், செவ்வகத் திறப்பின் வழியே ஒளி எப்படி விளிம்பு வளைகிறது என்று ஒரு கட்டுரையை லண்டன் இதழில் வெளியிட்டவர். கல்கத்தாவில் பகலில் கணக்கு அலுவலகம், மற்ற நேரமெல்லாம் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகம் என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தவரை ரங்கூன் மாற்றல் அந்த ஆய்வகத்திலிருந்து பிரித்தது. சில மாதங்களில் தந்தையின் உடல்நலம் கெட்டுச் சென்னைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, தந்தை இறந்துபோனார். மீண்டும் ரங்கூன் போய்ப் பொறுப்பேற்ற கொஞ்ச நாளில், 1910-இல், நாக்பூருக்கு மாற்றினார்கள்.

1921-இல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் அடர்நீலத்தைப் பார்த்தபோது, கடலின் நிறம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தான் என்ற விளக்கத்தை ராமன் ஏற்கவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்தக் கேள்வியின் பின்னாலேயே ஏழு ஆண்டுகள் போய், 1928 பிப்ரவரி 28 அன்று, சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது என்பதை உறுதிசெய்தார். அந்தச் சோதனைகளில் அவரோடு உழைத்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன். ஏறத்தாழ 60 திரவங்களை அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மூலக்கூறின் அதிர்வு ஒளியிடமிருந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்ட அளவுக்கு ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் இந்த நகர்வு தனித்தனி. சிலிக்கன் படிகத்துக்கு அது 15.6 டெராஹெர்ட்ஸ். இந்த எண் சற்று நேரத்தில் நமக்குத் தேவைப்படும்.

முதலில் வேறு இரண்டு முயற்சிகளைப் பார்த்துவிடுவோம்.

நீளமான கம்பிக்குப் பதிலாக ஒளியை ஒரே வளையத்தில் பல முறை சுற்றவிடலாம். நேர்க்கம்பி ஒன்றின் பக்கத்தில் 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள சிலிக்கன் வளையத்தை வைத்தால், வளையத்தின் சுற்றளவுக்குச் சரியாகப் பொருந்தும் நிறமுள்ள ஒளி அதற்குள் தாவிச் சுற்றத் தொடங்கும். ஒரு சுற்றுக்கு அரைப் பிக்கோநொடிக்கும் குறைவு. பத்துச் சுற்றுக்குப் பிறகு வெளியே வந்தால் சில பிக்கோநொடி தாமதம் ஆகியிருக்கும். 2007-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஃபெங்னியன் சியா, லிடியா செகாரிச், யூரி விளாசொவ் ஆகியோர் இப்படிப்பட்ட வளையங்களை நூறுவரை வரிசையாக வைத்து 500 பிக்கோநொடிக்கு மேல் தாமதத்தைப் பெற்றார்கள். அது பிடித்த இடம் ஒரு சதுர மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நொடிக்கு 2,000 கோடி பிட் வேகத்தில் அந்தச் சிப்புக்குள் ஒரே நேரத்தில் இருந்த தகவல் 10 பிட்.

நூறு வளையத்துக்குப் பத்து பிட்! இது அவர்கள் கைத்திறனின் குறை அல்ல. வளையத்துக்குள் ஒளி அதிக நேரம் சுற்ற வேண்டுமென்றால் அந்த வளையம் மிகக் குறுகிய நிறப்பட்டையை மட்டும்தான் ஏற்கும். வேகமான தகவலோ அகன்ற நிறப்பட்டையைக் கேட்கும். தாமதத்தைக் கூட்டினால் பட்டை குறுகும், பட்டையை அகட்டினால் தாமதம் குறையும். இரண்டையும் பெருக்கி வருவது ஏறக்குறைய மாறாமல் நிற்கும். எந்த ஆய்வகத்திலும் யாரும் தப்ப முடியாத கணக்கு இது.

இன்னொரு முயற்சி ஒளியியல் படிகம். மெல்லிய சிலிக்கன் தகட்டில் ஒழுங்கான துளைகளை இட்டு, நடுவில் ஒரு வரிசையை மட்டும் துளையிடாமல் விட்டால் அதுவே ஒளிக்கு வழியாகிறது. துளைகளின் இடைவெளியைச் சரியாகத் தேர்ந்தால் முன்னே போகும் அலையும் பின்னே திரும்பும் அலையும் கிட்டத்தட்டச் சமமாகி, ஒளித்துடிப்பு ஊர்ந்து போகும். 2005-இல் விளாசொவ் குழு இந்த வழியில் ஒளியின் வேகத்தை 300-இல் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டியது. சூடேற்றும் சிறு மின்கம்பியால் அந்த வேகத்தை மாற்றவும் செய்தது. ஆனால் மெதுவாகப் போகும் ஒளி ஒவ்வொரு துளையின் சுவரோடும் அதிக நேரம் உறவாடுகிறது. வேகம் குறையக் குறையச் சிதறல் பெருகுகிறது.

1999-இல் லீன் ஹாவ் குழு மிகக் குளிர்ந்த சோடியம் அணுக்கூட்டத்தில் ஒளியை நொடிக்கு 17 மீட்டர் வேகத்துக்கு இறக்கியது உலகெங்கும் செய்தியானது. அழகான இயற்பியல்தான். ஆனால் அங்கும் நிறப்பட்டை மிகமிகக் குறுகியது. தொலைத்தொடர்புக்கு அது உதவாது என்பதை அந்தச் செய்திகள் பெரும்பாலும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது ராமனுக்கு வருவோம். சிலிக்கன் கம்பிக்குள் 1,434 நானோமீட்டர் அலைநீளமுள்ள வலுவான லேசர் ஒளியை விட்டால், படிகத்தின் அதிர்வு வழியாக 15.6 டெராஹெர்ட்ஸ் கீழே, அதாவது 1,550 நானோமீட்டர் அருகே உள்ள ஒளிக்கு ஆற்றல் கைமாறுகிறது. அந்த நிறத்தில் ஏற்கெனவே ஒரு தகவல் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தால் அது வலுப்பெறும். கண்ணாடியைவிட சிலிக்கனில் இந்த விளைவு ஆயிரக்கணக்கான மடங்கு வலுவானது. தானாக ஒளி உமிழ மறுக்கும் சிலிக்கனை 2004-இல் கலிஃபோர்னியாவின் பஹ்ராம் ஜலாலி குழு லேசராக்கியது இந்த வழியில்தான். 2005-இல் இன்டெல் அதைத் தொடர்ந்து ஒளிரவும் வைத்தது.

வலுப்பெருக்கத்தோடு தாமதமும் சேர்ந்தே வரும். ஒரு பொருள் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பெருக்கினால், அந்த நிறத்தைச் சுற்றி அதன் ஒளிவிலகல் எண் செங்குத்தாக மாற வேண்டும். காரணம் விளைவுக்கு முந்தியது என்ற அடிப்படை விதியிலிருந்து இது கணிதமாகவே வந்துவிடுகிறது. ஒளிவிலகல் எண் செங்குத்தாக மாறும் இடத்தில் ஒளித்துடிப்பு மெதுவாகும். 2006-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒக்காவாச்சி, கேட்டா, லிப்சன் முதலியோர் இதைச் சிலிக்கன் கம்பியில் செய்து காட்டினார்கள். கம்பியின் நீளம் 8 மில்லிமீட்டர். துடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணில் ஏற்பட்ட மாற்றம் 0.15. 8 மில்லிமீட்டரை 0.15-ஆல் பெருக்கி ஒளியின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: 4 பிக்கோநொடி. அவர்கள் அளந்ததும் அதுவே. துடிப்பின் நீளம் 3 பிக்கோநொடிதான் என்பதால், ஒரு துடிப்பு தன் நீளத்தைவிடச் சற்று அதிகமாகப் பின்னால் தள்ளப்பட்டது.

எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். லேசரின் வலுவைக் கூட்டினால் தாமதம் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. எதையும் சூடேற்ற வேண்டாம், எந்த வளையத்தையும் ஒரு நிறத்துக்குச் சரிக்கட்ட வேண்டாம். ஒளியின் கடிவாளம் இன்னோர் ஒளியின் கையில். நிறப்பட்டையும் 100 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு அகன்றது. சுவரில் நிகழும் சிதறல் ஒளியைத் தின்கிறது. படிகத்தின் அதிர்வில் நிகழும் சிதறல் ஒளியை வளர்த்து, தாமதத்தையும் தருகிறது.

ஆனால் வலுவான லேசர் ஒளியில் ஒரு சிக்கல். 1,550 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான்வோல்ட். சிலிக்கன் உறிஞ்சுவதற்கு 1.12 வேண்டும் என்பதால் ஒற்றை ஃபோட்டான் தப்பிவிடுகிறது. ஒளி மிக அடர்த்தியானால் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து உறிஞ்சப்படும். அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் கம்பிக்குள் அலைந்து மேலும் ஒளியை விழுங்கும். தாமதத்தைக் கூட்டலாம் என்று லேசரை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இழப்புதான் ஏறும்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ரவுட்டரின் நினைவகத்தை சிலிக்கன் ஒளிச்சிப்பால் மாற்றிவிடலாம் என்ற கனவை விட்டுவிடுவதே நேர்மை என்று நினைக்கிறேன். 12,000 பிட் வேண்டிய இடத்தில் பத்து பிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீண்ட தாமதத்துக்கு வேறு பொருள்கள் இருக்கின்றன. 2012-இல் கால்டெக் ஆய்வகம் சிலிக்கன் தகட்டின் மேல் 27 மீட்டர் நீளக் கண்ணாடி வழியைச் சுருளாகச் செதுக்கியது. மீட்டருக்கு 0.08 டெசிபெல் அளவே இழப்பு. அதில் 130 நானோநொடி கிடைக்கும். ஒளியை இறுக்கிப் பிடிக்காத பொருளில்தான் இவ்வளவு குறைந்த இழப்பு சாத்தியம்.

சிலிக்கனின் இடம் வேறு. சில பிக்கோநொடிகள் போதும், ஆனால் அவை துல்லியமாக இருக்க வேண்டும் என்கிற வேலைகளில் அதற்கு இணை இல்லை. அவற்றில் முதன்மையானது ஆன்டெனா.

இந்தியாவில் 2022 ஏலத்தில் 5ஜி சேவைக்கு ஒதுக்கப்பட்ட பட்டைகளில் ஒன்று 26 கிகாஹெர்ட்ஸ். அந்த அலை மரத்தையும் சுவரையும் எளிதில் தாண்டாது. கற்றையாகக் குவித்து ஆளை நோக்கித் திருப்ப வேண்டும். அதற்கு அரை அலைநீளம், அதாவது 5.8 மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு ஆன்டெனாக்களை வரிசையாக அடுக்குவார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் தாமதமாக உமிழ்ந்தால் கற்றை ஒரு பக்கம் சாயும். 30 பாகை சாய்க்க அடுத்தடுத்த ஆன்டெனாக்களுக்கு இடையே வேண்டிய தாமதம் 9.6 பிக்கோநொடி. சிலிக்கன் கம்பியில் அது 0.7 மில்லிமீட்டர்! பதினாறு ஆன்டெனா இருந்தால் கடைசி ஒன்றுக்கு வேண்டியது 1 சென்டிமீட்டர் கம்பி, 2 டெசிபெல் இழப்பு. தாங்கக்கூடிய செலவு.

மின்னணுச் சுற்றிலேயே இதைச் செய்யலாமே என்று கேட்கலாம். செய்கிறார்கள், ஆனால் அவர்கள் பெரும்பாலும் மாற்றுவது அலையின் கட்டத்தை. கட்டத்தை மாற்றினால் ஒரு அதிர்வெண்ணுக்குச் சரியாகச் சாயும் கற்றை பக்கத்து அதிர்வெண்ணுக்குச் சற்று விலகிப்போகும். அகன்ற பட்டையில் தகவல் அனுப்பும்போது பட்டையின் ஓர அதிர்வெண்கள் ஆளை விட்டுத் தப்பிவிடும். நேரத்தையே தாமதித்தால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே திசையில் போகும். ராடாருக்கும் இதுவே தேவை.

தாமதத்தை மாற்றிக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. 10 பிக்கோநொடி, 20, 40, 80 என்று இரட்டிப்பாகும் சுருள்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சேர்க்கவோ தவிர்க்கவோ ஓர் ஒளிச் சாவியைப் பொருத்த வேண்டும். 2014-இல் ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழகக் குழு ஏழு படிகளில் இதைச் செய்து, 10 பிக்கோநொடி இடைவெளியில் 1.27 நானோநொடிவரை எந்தத் தாமதத்தையும் தேர்ந்துகொள்ள வழிசெய்தது. ஏழு படிகளில் 128 தாமதங்கள்.

ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பிஜய் கிருஷ்ண தாஸ் தலைமையில், மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஆதரவோடு இயங்கும் சிலிக்கன் ஒளியியல் சிறப்பு மையம் இந்தத் திசையில்தான் போகிறது. கட்டளைக்கு ஏற்பத் தன் வேலையை மாற்றிக்கொள்ளும் ஒளிச்சுற்றுகளை உருவாக்குவது அதன் நோக்கம். வளையங்களும் சாவிகளும் தாமதச் சுருள்களும் ஒரே சிப்பில் வலைபோல் அமைந்திருக்கும்; இன்று வடிகட்டியாக வேலை செய்தது நாளை ரேடியோ அலைகளுக்கான தாமதக் கருவியாகும். மலேசியாவின் கூலிமில் உள்ள சில்டெரா ஆலையோடு அந்த மையம் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. வரைவது இங்கே, தொழிற்சாலை அளவில் செதுக்குவது அங்கே என்ற ஏற்பாடு இந்தத் துறையில் உலகெங்கும் வழக்கம்.

செதுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பியின் அகலம் 1 நானோமீட்டர் பிசகினால் வளையம் ஏற்கும் நிறமும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். சிலிக்கன் படிகத்தின் அலகு 0.54 நானோமீட்டர் என்பதால், இங்கே பேசுவது இரண்டு படிக அலகுகளின் பிசகைப் பற்றி. 20 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் அகலமே 0.16 நானோமீட்டர்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஷங்கர் குமார் செல்வராஜா, பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தபோது எடுத்துக்கொண்டது இந்தப் பிரச்சினையைத்தான். கணினிச் சிப் ஆலைகளில் இருக்கும் 193 நானோமீட்டர் அச்சு முறையிலேயே கம்பி அகலத்தின் பிசகை 1 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுவரலாம் என்று அவரும் குழுவினரும் 2010-இல் காட்டினார்கள். ஆய்வகத்தில் ஒவ்வொன்றாக எழுதப்பட்ட கருவிகளை ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்ய முடியும் என்ற நம்பிக்கை இப்படிப்பட்ட பொறுமையான வேலைகளிலிருந்து வந்தது. மெதுவான ஒளியைப் பற்றிய பரபரப்பான செய்திகளைவிட இவை எனக்குப் பெரியவை.

பிறகு வெப்பம். சிலிக்கனின் ஒளிவிலகல் எண் வெப்பநிலையோடு மாறும். 1 பாகை செல்சியஸ் ஏறினால் வளையத்தின் நிறம் 0.07 நானோமீட்டருக்கு மேல் நகரும். இரண்டு மூன்று பாகையில் அது தன் தடத்தையே விட்டு விலகிவிடும். கோபுர உச்சியில் ஏப்ரல் வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் இந்தச் சிப்பை வைத்தால், விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே எத்தனை தடங்களைத் தாண்டும் என்று நீங்களே கணக்கிடலாம். அதனால் ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒரு சிறு சூடேற்றி, அதைக் கண்காணிக்கும் ஓர் உணர்கருவி, இரண்டையும் இணைக்கும் மின்சுற்று. தாமதத்தை மாற்றவும் இந்தச் சூடேற்றியே பயன்படுகிறது. நூறு வளையம் என்றால் நூறு சூடேற்றி. பக்கத்து வளையத்தின் சூடு இதையும் தொடும். சுருளும் சாவியும் கொண்ட முறை வெப்பத்தை இதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் ஒவ்வொரு சாவியிலும் கொஞ்சம் ஒளி போய்விடுகிறது.

போன ஒளியைச் சிப்புக்குள்ளேயே ஈடுகட்ட இப்போது இரண்டு வழிகள் உண்டு. இண்டியம் பாஸ்ஃபைடு போன்ற, தானே ஒளி பெருக்கும் பொருளைச் சிலிக்கனின் மேல் ஒட்டுவது ஒன்று. ஆலைகள் இன்று பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. ஒட்டும் வேலைக்கே செலவு அதிகம். சிலிக்கனின் ராமன் பெருக்கத்தைப் பயன்படுத்துவது மற்றொன்று. அதற்குக் கம்பியின் இருபுறமும் மின்வாய்களை வைத்து, இரண்டு ஃபோட்டான் உறிஞ்சலில் விடுபடும் எலக்ட்ரான்களை உடனுக்குடன் வெளியே இழுத்துவிட வேண்டும். இன்டெல் தன் லேசரில் 2005-இல் கையாண்ட உத்தி அதுவே. வேறெந்தப் பொருளும் ஒட்டத் தேவையில்லை. ஊட்டும் லேசருக்கு ஆகும் மின்சாரத்தைக் குறைக்க முடிந்தால், பிக்கோநொடிகளை ஆளும் சிப்பை முழுக்கச் சிலிக்கனிலேயே செய்துவிடலாம்.